லெனினுக்கு அங்கே இன்னும் வேலை இருக்கிறது

பேரன்ட்ஸ்பர்க் என்ற சுரங்க ஊரில் லெனினின் மார்பளவுச் சிலை இன்னும் நிற்கிறது. ‘நம் இலக்கு கம்யூனிசம்’ என்ற ரஷ்ய வாசகமும் பக்கத்திலேயே இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், இது ரஷ்ய மண் அல்ல. நேட்டோ உறுப்பினரான நார்வேயின் சுவால்பார்ட் தீவுக்கூட்டம்.

1920-ல் பாரிஸில் கையெழுத்தான ஒப்பந்தம் செய்த வேலை இது. தீவுகள் நார்வேக்கே. ஆனால், ஒப்பந்த நாட்டவர் எல்லோரும் அங்கே சுரங்கம் தோண்டலாம், மீன் பிடிக்கலாம், தொழில் நடத்தலாம். போர்க் காரியங்களுக்கு மட்டும் இடமில்லை. இந்த உரிமையில்தான் ரஷ்ய அரசு நிறுவனமான ஆர்க்டிகுகோல் நிலக்கரி வெட்டுகிறது. லாபமா? அதை மாஸ்கோவில் யாரும் பெரிதாக எதிர்பார்ப்பதாகத் தெரியவில்லை. ஆள் இருந்தால்தானே பேச வாய் இருக்கும்!

உக்ரைன் போர் தொடங்கிய 2022-ன் கோடையில் அந்த வாய் திறந்தது. பேரன்ட்ஸ்பர்க்குக்குப் போகவேண்டிய கன்டெய்னர்களை நார்வே தன் எல்லையில் நிறுத்த, தீவுகள் மீது நார்வேக்குள்ள இறையாண்மையையே ரஷ்ய அரசியல்வாதிகள் கேள்வி கேட்டார்கள். சில வாரங்களில் சரக்கு போய்ச் சேர்ந்தது. அடுத்த ஆண்டு ரஷ்யாவின் மே 9 வெற்றி நாளன்று, சில நூறு பேரே வசிக்கும் அந்த ஊரில் ஸ்னோமொபைல்கள் கொடி கட்டி அணிவகுத்தன. மேலே ஒரு ஹெலிகாப்டர் வேறு.

நார்வேயின் கவலை பேரன்ட்ஸ்பர்க்கோடு முடியவில்லை. தீவுகளின் நிர்வாகத் தலைமையிடமான லாங்யெர்பியனுக்கு மேலே உள்ள பீடபூமியில் வெள்ளைக் கோளங்களுக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட ஆன்டெனாக்கள் இருக்கின்றன. துருவச் செயற்கைக்கோள்கள் ஒவ்வொரு சுற்றிலும் இந்தப் பக்கம் தலைகாட்டும் என்பதால் இந்த ஏற்பாடு. அத்தனை தகவலையும் நார்வேக்குக் கொண்டுபோவது கடலடியில் கிடக்கும் இரண்டே கேபிள்கள். 2022 ஜனவரி 7 அதிகாலை அதில் ஒன்று பழுதானது. ரஷ்ய மீன்பிடிக் கப்பல்கள் அதன் மேலாகப் போய்வந்தது பதிவாகியிருந்தது. ஆதாரம் போதவில்லை என்று போலீஸ் விசாரணையை முடித்துக்கொண்டது.

இத்தனை கவலைக்கும் வேர் கோலா தீபகற்பத்தில் இருக்கிறது. அங்கே ரஷ்யாவின் அணு ஆயுத நீர்மூழ்கிகள் பல இருக்கின்றன. அட்லாண்டிக்குக்குப் போக அவற்றுக்கு நார்வேக்கும் சுவால்பார்டுக்கும் இடைப்பட்ட கடல்தான் வழி.

சீனாவும் சும்மா இல்லை. நியூ ஆலசுண்டில் 2004-ல் திறந்த அதன் ஆய்வு நிலையத்தின் வாசலில் இரண்டு கல் சிங்கங்கள் உட்கார்ந்திருக்கின்றன. அதே குடியிருப்பில் 2008 முதல் இந்தியாவின் ஹிமாத்ரியும் இயங்குகிறது. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்திலேயே இந்தியாவின் பெயர் 1920 ஒப்பந்தத்தில் ஏறிவிட்டது. அதன் வரிகளுக்கு ரஷ்யா ஓர் அர்த்தமும் நார்வே ஓர் அர்த்தமும் சொல்லும் இந்த நேரத்தில், பனிப்பாறை ஆய்வோடு நிறுத்திக்கொள்ளாமல் டெல்லி தன் நிலைப்பாட்டையும் வெளிப்படையாகச் சொல்லவேண்டும்.