யாழ்ப்பாணம் எவ்வளவு தூரம்?

ராத்தாவுக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த அன்று வாப்பா கேட்ட முதற் கேள்வி, "பிளேனில போனா எவ்வளவு நேரம்?" என்பதுதான்.

பதுளையில் விமான நிலையம் இல்லை. நமக்குக் கிட்டிய பெரிய நிலையம் 2013இல் திறக்கப்பட்ட மத்தளை, யாழ்ப்பாணத்துக்குப் பலாலி. புவியியல் புத்தகத்தை விரித்து நானே கணக்குப் பார்த்தேன். அகலக்கோட்டில் ஒரு பாகை ஏறத்தாழ 111 கிலோமீற்றர். மத்தளை 6.3 பாகையில், பலாலி 9.8இல். வித்தியாசம் மூன்றரைப் பாகை, அதாவது சுமார் 390 கிலோமீற்றர். பலாலி ஒரு பாகையளவு மேற்கேயும் தள்ளியிருக்கிறது. பைதகரஸ் தேற்றத்தைப் போட்டால் நேர்கோட்டுத் தூரம் 405 அளவில் வரும். மணிக்கு 500 கிலோமீற்றர் பறக்கும் விமானத்துக்கு 50 நிமிடம். ஏறி இறங்கும்போது வேகம் குறைவதால் ஒரு மணித்தியாலம் என்று வைப்போம்.

வாப்பாவின் முகம் மலர்ந்தது. ஆனால் மத்தளை நமக்குத் தெற்கே அல்லவா இருக்கிறது! வடக்கே போக வேண்டியவள் எல்ல மலையிறங்கி, வெல்லவாய கடந்து, எதிர்த்திசையில் போக வேண்டும். பதுளையிலிருந்து பலாலிக்கே நேர்கோட்டில் சுமார் 330 கிலோமீற்றர்தான். நேரடி விமானம் இருந்தாலும், மலைப்பாதையும் நிலையத்தில் காத்திருப்பதும் அந்த ஒரு மணித்தியாலத்தை விழுங்கிவிடும்.

நம் ஊருக்கு நேர்கோடு சரிவராது. கொழும்பு நேர்கோட்டில் சுமார் 135 கிலோமீற்றர். ரயில் பாதையோ 292. தெமோதரையில் அது வளைந்து தன் நிலையத்துக்கு அடியிலேயே போகிறது.

ராத்தா இரவு பஸ்ஸில்தான் போனாள், வாப்பாவும் கூடவே. உம்மா கணக்கொன்றும் கேட்கவில்லை, விடியும்வரை தூங்கவுமில்லை.