முருங்கைக்கீரையில் முட்டை: தாய்க்கும் ஒரு பங்கு



வீட்டில் இரண்டு முட்டை இருக்கிறது. அவித்தால் யாருக்குப் போகும்? ஒன்று வேலைக்குப் போகிற வீட்டுக்காரருக்கு, இன்னொன்று பிள்ளைக்கு. சமைத்தவளைக் கேட்டால், "எனக்கு எதுக்குங்க?" என்பாள். ஆனால் மாதவிலக்கு, கர்ப்பம், பிரசவம் என்று இரத்தம் அதிகம் செலவாவது அவளுக்குத்தான். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிப்பேருக்கு மேல் இரத்தசோகை. அசதி, மூச்சு வாங்குதல், தலைசுற்றல் எல்லாம் இதன் அறிகுறிகள். இரத்தசோகை உள்ள தாய்க்குப் பிரசவத்தில் இரத்தப்போக்கு ஏற்பட்டால் உயிருக்கே ஆபத்து.

அதே முட்டையைக் கீரையோடு கிளறினால் எல்லோருக்கும் பங்கு கிடைக்கும்.

தேவையானவை: உருவிய முருங்கைக்கீரை நான்கு கைப்பிடி, முட்டை 2 அல்லது 3, சின்ன வெங்காயம் 10, பூண்டு 3 பல், காய்ந்த மிளகாய் 2, எண்ணெய் 3 தேக்கரண்டி, கடுகு, மஞ்சள்தூள், உப்பு, எலுமிச்சம்பழம் பாதி.

செய்முறை: கீரையை இரண்டு மூன்று தண்ணீரில் அலசுங்கள். எண்ணெயில் கடுகு, மிளகாய் தாளித்து, பூண்டு, வெங்காயத்தை வதக்குங்கள். கீரை, மஞ்சள்தூள், உப்பு சேர்த்து, கொஞ்சம் தண்ணீர் தெளித்து மூடி வேகவிடுங்கள். வெந்த தண்ணீரைக் கொட்ட வேண்டாம், சத்து அதோடு போய்விடும். தண்ணீர் சுண்டியதும் முட்டையை உடைத்து ஊற்றி, நன்றாக வேகும்வரை கிளறுங்கள். இறக்கிய பிறகு எலுமிச்சம்பழம் பிழியுங்கள்.

எலுமிச்சை எதற்கு? கீரையில் உள்ள இரும்புச்சத்து முழுவதும் உடம்பில் சேராது. புளிப்புப் பழத்தில் உள்ள வைட்டமின் சி அது சேர உதவும். சாப்பிட்ட கையோடு டீ, காபி குடித்தால் இரும்புச்சத்து சேருவது குறையும். ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் உண்டு. எண்ணெயும் மஞ்சள்கருவும், கீரையில் உள்ள வைட்டமின் ஏ சத்து சேரத் துணை செய்யும்.

"முட்டை சூடு, மாசமா இருக்கிறவளுக்கு ஆகாது" என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. இதற்கு ஆதாரமில்லை. கர்ப்பிணி தாராளமாகச் சாப்பிடலாம். அரைவேக்காடாக மட்டும் கூடாது.

கீரை சாப்பிடுகிறோமே, மாத்திரை எதற்கு என்று நிறுத்திவிடாதீர்கள். கர்ப்பிணிகள் நான்காம் மாதம் முதல் இரும்புச்சத்து, போலிக் அமில மாத்திரையைத் தினமும் ஒன்று, குறைந்தது 180 நாள் சாப்பிட வேண்டும். பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள் தொடர வேண்டும். மலம் கறுத்துப் போனால் பயப்பட வேண்டாம். இரத்தத்தில் ஹீமோகுளோபின் கர்ப்பிணிக்கு 11 கிராமுக்குக் குறையக்கூடாது. குறைந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிகிச்சை பெறுங்கள். அடுத்த குழந்தைக்கு மூன்று ஆண்டு இடைவெளி விட்டால், தாயின் உடம்பு தேறும்.

கணவன்மார்களுக்கு இரண்டு வேலை. கிணற்றடியிலோ கொல்லையிலோ ஒரு முருங்கைப் போத்து நட்டுவிடுங்கள். பொரியல் இறக்கியதும், சட்டியில் ஒட்டியது போதும் என்று அவளை விட்டுவிடாமல், அவள் பங்கை முதலில் எடுத்து வையுங்கள்.