கடைசி வரிசை மட்டும் ஏன் கலைகிறது?

இணையக் கடைப் பக்கம் ஒன்றில் ஏழு பொருள்கள். மேல் வரிசையில் நான்கு ஒழுங்காக நிற்க, கீழே மிஞ்சிய மூன்று மட்டும் ஊதிப் பருத்திருக்கும். வலைப்பக்கம் வடிவமைக்கக் கற்கும் பலர் இதை உலாவியின் கோளாறு என்றே நினைக்கிறார்கள். பாவம், உலாவி சொன்னதைத்தான் செய்கிறது.

வலைப்பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ்ஸில் பெட்டிகளை அடுக்க உதவும் ஃப்ளெக்ஸ்பாக்ஸின் முதல் வரைவு 2009-ல் வெளியானது. ஃப்ளெக்ஸ்பாக்ஸில் பெட்டிகள் இயல்பாக ஒரே வரியில் நெருக்கியடித்து நிற்கும். ஃப்ளெக்ஸ்-ராப் பண்பில் 'ராப்' என்று குறித்தால்தான் இடம் போதாதவை அடுத்த வரிக்கு மடங்கும். மடங்கியபின் ஒவ்வொரு வரியும் தனிக்குடித்தனம். மேல் வரியின் கணக்கு கீழ் வரிக்குத் தெரியாது.

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். கொள்கலனின் அகலம் 1000 பிக்சல், பெட்டி 220, இடைவெளி 20. நான்கு பெட்டிகள் 940 பிக்சலை எடுத்துக்கொள்ள, மிச்சம் 60. பெட்டிகள் வளரலாம் என்று ஃப்ளெக்ஸ்-குரோவில் 1 கொடுத்திருந்தால் ஆளுக்கு 15 சேர்ந்து 235 ஆகும். கீழ் வரியிலோ மூன்றே பெட்டிகள், மிச்சம் 300. அதைப் பங்கிட்டால் ஒவ்வொன்றும் 320! வளரவிடாமல், மிச்சத்தைப் பெட்டிகளுக்கு இடையே பகிரும் 'ஸ்பேஸ்-பிட்வீன்' கொடுத்தாலும் தப்பிக்க முடியாது. மேலே இடைவெளி 40, கீழே 170.

அலைன்-ஐட்டம்ஸ், அலைன்-கன்டென்ட் என்ற இரு பண்புகளின் குழப்பம் வேறு. முன்னது ஒரு வரிக்குள் பெட்டிகள் மேலே நிற்பதா, நடுவிலா, கீழேயா என்பதைச் சொல்வது. பின்னது மடங்கிய வரிகளை மொத்தமாக நகர்த்துவது. கொள்கலனில் உயரம் மிச்சமில்லாவிட்டால் அலைன்-கன்டென்ட்டை எப்படி மாற்றினாலும் திரையில் ஒன்றும் தெரியாது.

கடைசி வரிசையைச் சரிக்கட்ட, கண்ணுக்குத் தெரியாத வெற்றுப் பெட்டிகளைச் சொருகும் பழைய தந்திரம் ஒன்று உண்டு. இனி அது வேண்டாம். 2017-ல் முக்கிய உலாவிகளுக்கு வந்துசேர்ந்த சிஎஸ்எஸ்ஸின் இன்னொரு அடுக்குமுறையான கிரிட், நிரல்களை (செங்குத்து வரிசைகளை) முதலில் வகுத்துவிட்டுப் பிறகே பெட்டிகளை வைக்கிறது. நிரலின் அகலத்துக்கு, இடம் கொள்ளும் அளவு நிரல்களை நிரப்பும் 'ஆட்டோ-ஃபில்' உடன் குறைந்தது 220 பிக்சல், அதிகபட்சம் ஒரு பங்கு என்று எழுதினால் ஏழு பெட்டிகளும் 235 பிக்சலிலேயே நிற்கும். கைப்பேசியில் நிரல்கள் தாமாகவே குறையும்.

பட்டிப் பொத்தான்களுக்கும், நீளம் வேறுபடும் குறிச்சொற்களுக்கும் ஃப்ளெக்ஸ்பாக்ஸே போதும். மேலும் கீழும் நேர்க்கோட்டில் நிற்கவேண்டியவற்றுக்குக் கிரிட்டை எடுங்கள்.