மூலையில் கிடக்கும் கணினிக்கு மலிவான மூளை

மூத்த பிள்ளை வேலைக்குப் போய்ப் புதுக் கணினி வாங்கியதும் பழையது மூலைக்குப் போய்விடுகிறது. அதன் மூளையான பிராசஸரை மாற்றித் தம்பி தங்கைகளுக்குக் கொடுக்கலாமே என்று தோன்றுவது இயல்பு. சம்பளப் பணத்தோடு பட்டணத்துக்குப் புறப்படுமுன் மதர்போர்டின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

2017-இல் வந்த இன்டெல் ஐ3-8100, ஏழாம் தலைமுறைப் போர்டிலும் கச்சிதமாக உட்காரும், ஆனால் ஓடாது. அந்தப் போர்டு ஏற்கும் பழைய பிராசஸர்களுக்கோ விண்டோஸ் 11 பெரும்பாலும் இடங்கொடுப்பதில்லை. விண்டோஸ் 10-இன் வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. அதற்குப் போய்ப் பணம் போடுவானேன்? ஹார்டு டிஸ்குக்குப் பதில் எஸ்எஸ்டி வைத்து, இலவசமான லினக்ஸை ஏற்றினாலே பள்ளிப் பாடத்துக்கு நன்றாக உழைக்கும்.

போர்டையும் சேர்த்து மாற்ற வசதியுள்ளவர்களுக்கு ஐ3-12100 தாராளம். கடையில் ஐ3-12100எஃப் என்று ஒன்றையும் காட்டுவார்கள். விலை சற்று இறங்கியிருக்கும். 'எஃப்' என்றால் திரைக்குப் படம் தரும் பகுதி அதில் இல்லை. தனியே கிராஃபிக்ஸ் கார்டு வாங்க வேண்டும். மிச்சம் பிடித்த வெள்ளி அங்கே கரைந்துபோகும்! ஏஎம்டி பக்கம் போனால், ரைசன் 5 5600ஜி-யில் அந்தப் பகுதி உண்டு. வெறும் 5600-இல் இல்லை. விலை கேட்கும்போது கடைசி எழுத்தையும் சேர்த்தே கேளுங்கள்.