ஊசிமுனைச் சிலிக்கன்

எலெக்ட்ரானிக்ஸ் கடையில் ஓரிரு ரூபாய்க்குக் கிடைக்கும் ‘ஒன் என் 4007’ டயோடு, வீட்டு மின்சாரத்தை ஒழுங்காகத் திருத்தித் தரும். ஒரு திசை மின்னோட்டத்தை விட்டு மறுதிசையை மறிப்பது அதன் வேலை. அதையே கார் ரேடாரின் 77 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு வைத்தால் எடுபடாது. ஒரு விநாடியை லட்சம் கோடிக் கூறாக்கினால், அதில் ஆறேழு கூறுக்குள் அந்த அலை திசை மாறிவிடும். நம் டயோடு கதவைச் சாத்தவே பல மைக்ரோ விநாடிகள் எடுக்கும். அதற்குள் லட்சக்கணக்கான அலைகள் கடந்துபோயிருக்கும்.

இந்தத் தாமதம் சிலிக்கனின் குற்றமல்ல. பி, என் என்ற இருவகைச் சிலிக்கன் சேரும் டயோடில், எல்லை தாண்டி வந்த மின்னூட்டங்கள் வெளியேறிய பிறகே பாதை அடைபடும். ஒரு பக்கம் உலோகத்தை வைத்துவிட்டால் எலெக்ட்ரான்கள் மட்டுமே நடமாடும். தேங்கி நிற்க எதுவும் இல்லை. இதுதான் ஷாட்கி டயோடு. உலோகமும் சிலிக்கனும் சேரும் இந்தச் சந்தியின் தடையை 1938இல் விளக்கிய ஜெர்மானியர் வால்டர் ஷாட்கியின் பெயர் அதற்கு.

வேகம் கிடைத்தாலும் வில்லங்கம் ஒன்று மிச்சம். உலோகமும் சிலிக்கனும் எதிரெதிரே நிற்பதால் சந்தியே ஒரு மின்தேக்கியாகிவிடுகிறது. அதிர்வெண் ஏற ஏற அலை டயோடை மதிக்காமல் அந்தக் குறுக்குவழியில் நழுவும். சந்தியைச் சுருக்கினால் மின்தேக்கம் குறையும், ஆனால் மின்தடை கூடும். இரண்டின் பெருக்குத்தொகைதான் வரம்பைத் தீர்மானிக்கிறது. 10 ஓம் தடை, 10 ஃபெம்டோஃபாரட் தேக்கம் என்றால் அந்த வரம்பு, அதாவது வெட்டு அதிர்வெண், ஏறத்தாழ 1,590 கிகாஹெர்ட்ஸ். தேக்கம் பத்து மடங்கானால் 159தான். வெட்டு அதிர்வெண்ணுக்கு வெகு கீழேதான் டயோடு நன்றாக உழைக்கும் என்பதால், 77க்கு 159 போதவே போதாது.

சந்தி சிறிதாக இருக்க வேண்டும் என்பதைப் பழைய ஆட்கள் கைப்பழக்கத்திலேயே பிடித்துவிட்டார்கள். 1895இல் கல்கத்தாவில் மில்லிமீட்டர் அலையால் தொலைவிலிருந்து மணி அடித்துக் காட்டிய ஜகதீஷ் சந்திர போஸ், கலீனா படிகத்தில் உலோக முனையைத் தொடவைத்த உணர்விக்கு 1904இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். 1906இல் பிக்கார்ட் என்ற அமெரிக்கர் சிலிக்கன் உணர்விக்குக் காப்புரிமை பெற்றார். இரண்டாம் உலகப்போர் ரேடார்களில் சிலிக்கன் துண்டின்மேல் டங்ஸ்டன் கம்பி முனை அழுந்தியிருந்தது. அதன் செல்லப்பெயர் பூனைமீசை. அதிர்ச்சி பட்டால் தொடுமுனை கெடும். உள்ளபடியே சிடுசிடு சாதனம்.

பின்னர் காலியம் ஆர்சனைடு முந்திக்கொண்டது; எலெக்ட்ரான் அதில் சுமார் ஆறு மடங்கு சுலபமாக நகரும். ஆனாலும் சிலிக்கன் திரும்பி வந்திருக்கிறது. சாதாரண சிப் தயாரிப்பு முறையிலேயே, மைக்ரானுக்கும் சிறிய ஷாட்கி சந்தியை மற்றச் சுற்றுகளோடு சேர்த்து அச்சிட்டுவிடலாம்.

இப்படிச் சேர்த்து அச்சிடுவதன் அருமை பலவீனமான அலைகளில்தான் புரியும். அத்தகைய அலைகளுக்கு டயோடு தரும் மின்னழுத்தம், வரும் அழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது: அழுத்தம் பத்தில் ஒன்றானால் விளைவு நூறில் ஒன்று. மனித உடல் தானாக உமிழும் மில்லிமீட்டர் அலைகள் துணியைத் தாண்டி வெளிவரும். அவற்றைப் படமாக்கும் கருவியில் டயோடுக்கு முன்னால் ஒரு பெருக்கி தேவைப்படுகிறது. அதை டயோடுக்குப் பக்கத்திலேயே, அதே சிலிக்கன் துண்டில் இன்று வைக்க முடிகிறது.