ஸ்லம் சாக்கர்

ஸ்லம் சாக்கர் என்பது இந்தியாவின் மகாராட்டிர மாநிலத்திலுள்ள நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கும் ஓர் அரசு சார்பற்ற தொண்டு நிறுவனம் ஆகும். குடிசைப் பகுதிகளிலும் தெருவோரங்களிலும் வாழும் சிறுவர்களையும் இளைஞர்களையும் கால்பந்தாட்டத்தின் வழியாக ஒன்றுசேர்த்து, கல்வி, உடல்நலம், வேலைவாய்ப்பு ஆகியவற்றை நோக்கி நகர்த்துவது இதன் நோக்கமாகும். உடற்கல்வி ஆசிரியராகப் பணியாற்றிய விஜய் பார்சே என்பவர் 2001 ஆம் ஆண்டு இதனைத் தொடங்கினார். பன்னாட்டுக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபா, 2016 ஆம் ஆண்டுக்குரிய தனது பன்முகத்தன்மை விருதை இந்நிறுவனத்திற்கு வழங்கியது.

பெயர்

தொடக்கத்தில் இவர்கள் நடத்திய போட்டிகள் மராத்தியில் 'ஜோபட்பட்டி கால்பந்து' என்று அழைக்கப்பட்டன. ஜோபட்பட்டி என்பது குடிசைகளின் வரிசையைக் குறிக்கும் சொல். ஆங்கிலப் பெயரான ஸ்லம் சாக்கர் பின்னர் வந்தது. தாம் வாழும் பகுதியின் பெயரை மறைக்காமல் சட்டையில் எழுதிக்கொண்டு ஆடுவது பெருமையா, அல்லது அந்த முத்திரையை மேலும் அழுத்திப் பதிப்பதா என்பது எளிதில் விடை சொல்ல முடியாத கேள்வி.

தமிழ் வாசகர்களுக்கு இக்கேள்வி புதிதன்று. சேரி என்ற சொல் பழந்தமிழில் மக்கள் சேர்ந்து வாழும் இடத்தையே குறித்தது. புதுச்சேரி என்ற ஊர்ப்பெயரில் அப்பொருள் இன்றும் உள்ளது. அந்நகரின் எல்லையை ஒட்டி விழுப்புரம் மாவட்டத்தில் அமைந்துள்ள கோட்டக்குப்பத்தின் பெயரில் உள்ள 'குப்பம்' கடலோரச் சிற்றூரைக் குறிக்கும். இவ்விரு சொற்களும் பிற்காலத்தில் நகரப் பேச்சில் ஏளனப் பொருளைப் பெற்றுவிட்டன. 1970 இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் 2021 இல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் மாற்றப்பட்டது. அரசு அச்சொல்லைக் கைவிட்ட வேளையிலும் நாக்பூர் நிறுவனம் தன் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை.

தோற்றம்

விஜய் பார்சே நாக்பூரின் இசுலாப் கல்லூரியில் உடற்கல்வி கற்பித்து வந்தார். ஒரு மழை நாளில் குடிசைப் பகுதிச் சிறுவர்கள் சிலர் உடைந்த வாளி ஒன்றைப் பந்தாக உதைத்து விளையாடியதை அவர் கண்டார். அவர்களுக்கு ஒரு பந்தைக் கொடுத்து ஆடவிட்டார். ஆடும் நேரத்தில் இச்சிறுவர்கள் மது, புகை, சூது ஆகியவற்றிலிருந்து விலகியிருந்ததைக் கவனித்ததே இம்முயற்சிக்கு வித்திட்டது என அவர் பல நேர்காணல்களில் கூறியுள்ளார். அதன்பின் நகரின் குடிசைப் பகுதிகளுக்கு இடையே போட்டி ஒன்று அறிவிக்கப்பட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட அணிகள் திரண்டன. பல அணிகளுக்குக் காலணிகள் இல்லை, சீருடையும் இல்லை.

இந்தியாவில் மட்டைப்பந்தாட்டமே பெரும் செல்வாக்குப் பெற்ற விளையாட்டு என்றபோதிலும், இங்குக் கால்பந்து தேர்ந்தெடுக்கப்பட்டதற்கு நடைமுறைக் காரணம் உண்டு. ஒரு பந்து இருந்தால் இருபது பேர் ஆடலாம். மட்டை, காலுறை, கையுறை ஆகியவை தேவையில்லை. மட்டைப்பந்தில் தன் முறைக்காகக் காத்திருப்பவன் பாதி நேரம் சும்மா நிற்கிறான்; கால்பந்தில் அனைவரும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். குறுகிய இடத்திலும் நால்வர் அணியாகப் பிரிந்து ஆட இயலும். குடிசைப் பகுதிகளில் இடம் கிடைப்பதே அரிது என்பதால் இது முக்கியமானது.

பார்சே தமது பணி ஓய்வின்போது கிடைத்த பணத்தைக் கொண்டு நகருக்கு வெளியே நிலம் வாங்கிப் பயிற்சிக்களம் அமைத்தார். அமெரிக்காவில் இருந்த அவருடைய மகன் அபிஜித் பார்சே நாடு திரும்பி நிறுவனத்தின் நிருவாகப் பொறுப்பை ஏற்றார். ஒரு தனி ஆசிரியரின் ஆர்வமாக இருந்தது பல மாநிலங்களில் கிளை பரப்பிய அமைப்பாக மாறியது இதற்குப் பின்னரே ஆகும்.

பயிற்சி முறை

இந்நிறுவனத்தின் பயிற்சியாளர்களில் பலர் முன்பு இங்கேயே ஆடக் கற்றுக்கொண்டவர்கள். இது செலவைக் குறைப்பதற்காக மட்டும் செய்யப்பட்ட ஏற்பாடு அன்று. தன் தெருவிலிருந்து வந்தவன் சொல்வதை ஒரு சிறுவன் கேட்பதைப் போல, வெளியிலிருந்து வருபவர் சொல்வதைக் கேட்பதில்லை. ஆடவந்தவன் உதவிப் பயிற்சியாளனாகவும், பின்னர் முழுநேரப் பயிற்சியாளனாகவும் உயரும் வழி இருப்பதால் விளையாட்டு சிலருக்கு வாழ்வூதியமாகவும் அமைகிறது.

எடுகிக் என்ற திட்டத்தில் கணக்கும் மொழியும் பந்தோடு சேர்த்துக் கற்பிக்கப்படுகின்றன. கூட்டல் கழித்தலைக் களத்தில் கோடுபோட்டு ஓடிக் கற்பது இதன் ஒரு பகுதி. சிறுமியருக்காகத் தனியே சக்தி கேர்ள்ஸ் என்ற திட்டம் உள்ளது. செவித்திறன் குறைந்த குழந்தைகளுக்கான பயிற்சியையும் இந்நிறுவனம் மேற்கொண்டுள்ளது. இவற்றுள் சிறுமியருக்கான பணியே கடினமானது எனலாம். மாலை நேரம் என்பது சிறுவனுக்கு ஓய்வு நேரம். அதே வீட்டுச் சிறுமிக்கு அது தண்ணீர் பிடிக்கவும் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளவும் வேண்டிய நேரம். எனவே களத்தில் ஒரு சிறுமியைக் காண்பதற்கு முன் அவளுடைய வீட்டாரிடம் பலமுறை பேச வேண்டியிருக்கிறது.

சமூக நோக்குடைய கால்பந்து அமைப்புகளிடையே 'மூன்று பாதி ஆட்டம்' என்றொரு முறை பரவலாக உள்ளது. கொலம்பிய வீரர் ஆந்திரேசு எசுகோபார் 1994 உலகக்கோப்பையில் தவறுதலாகத் தன் அணிக்கு எதிராகவே கோல் அடித்தபின், நாடு திரும்பி மெடலின் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அந்நகரில் வாழ்ந்த செருமானியரான யூர்கன் கிரீசுபெக், வன்முறைக் குழுக்களில் இருந்த இளைஞர்களைக் களத்திற்கு அழைத்து வரும் முயற்சியைத் தொடங்கினார். அங்கு உருவான முறையே பின்னர் உலகெங்கும் பரவியது. முதற்பாதியில் இரு அணியினரும் வட்டமாக அமர்ந்து அன்றைய ஆட்டத்தின் விதிகளைத் தாமே பேசி முடிவு செய்வர். இரண்டாம் பாதியில் ஆட்டம் நடைபெறும், நடுவர் இருக்கமாட்டார். அணியில் ஆணும் பெண்ணும் கலந்திருப்பர். பெண் ஒருவர் முதல் கோலை அடித்த பின்னரே மற்றவர்களின் கோல் கணக்கில் சேரும் என்பது பல இடங்களில் கைக்கொள்ளப்படும் விதி. மூன்றாம் பாதியில் மீண்டும் அமர்ந்து, விதிகளை யார் காத்தனர், யார் மீறினர் என்று பேசிப் புள்ளிகளைத் தாமே வழங்குவர். அதிக கோல் அடித்த அணி தோற்கவும் கூடும்.

வீடற்றோர் உலகக்கோப்பை

ஸ்லம் சாக்கர் வெளியுலகில் அறியப்பட்டது வீடற்றோர் உலகக்கோப்பையின் வழியாக ஆகும். தெருவோரச் செய்தித்தாள்களை நடத்துவோர் 2001 இல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் கூடியபோது, இசுக்காட்லாந்தின் மெல் யங், ஆசுதிரியாவின் அரால்டு சிமீட் ஆகிய இருவரும் இப்போட்டியைப் பற்றி எண்ணினர். முதற் போட்டி 2003 இல் ஆசுதிரியாவின் கிராசு நகரில் 18 நாடுகள் பங்கேற்க நடைபெற்றது. பெருந்தொற்றின் காரணமாக 2020 முதல் 2022 வரை நடைபெறவில்லை. 2024 இல் தென்கொரியாவின் சியோலில் நடந்ததே ஆசியாவில் நடந்த முதற் போட்டியாகும். இந்திய அணியைத் தேர்ந்தெடுத்து அனுப்பும் பொறுப்பைப் பல ஆண்டுகளாக ஸ்லம் சாக்கர் ஏற்று வந்துள்ளது.

ஆட்டம் 22 மீட்டர் நீளமும் 16 மீட்டர் அகலமும் கொண்ட சிறு களத்தில் நடைபெறும். ஓர் அணியில் இலக்குக் காவலர் உட்பட நால்வர் களத்தில் இருப்பர். மேலும் நால்வர் மாற்று வீரர்கள். ஏழு நிமிடங்கள் கொண்ட இரு பாதிகளில் ஆட்டம் முடிந்துவிடும். வென்றால் மூன்று புள்ளிகள். சமநிலையில் முடிந்தால் தண்ட உதை மூலம் முடிவு காணப்படும். அதில் வென்ற அணிக்கு இரண்டும் தோற்ற அணிக்கு ஒன்றும் உண்டு.

இப்போட்டியின் மிக முக்கியமான விதி களத்திற்கு வெளியே உள்ளது. ஒருவர் தம் வாழ்நாளில் ஒருமுறை மட்டுமே இதில் ஆடலாம். எவ்வளவு சிறந்த வீரராயினும் அடுத்த ஆண்டு அவருக்கு இடமில்லை. புதியவர் ஒருவருக்கு அவ்வாய்ப்பு செல்ல வேண்டும். வெற்றியை மட்டும் கருதும் எந்தப் போட்டியிலும் இத்தகைய விதியைக் காண இயலாது. அதே வேளையில், விமானத்தில் சென்று நாட்டின் கொடியைச் சட்டையில் அணிந்து ஆடிவிட்டு, இரு வாரங்களில் அதே குடிசைக்குத் திரும்பும் இளைஞன் அதன்பின் என்ன செய்கிறான் என்பது அவனை அனுப்பிய நிறுவனத்தைப் பொறுத்தே அமைகிறது.

வீடற்றவர் என்ற சொல்லின் பொருளும் நாட்டுக்கு நாடு மாறுபடும். ஐரோப்பிய அணிகளில் தங்குமிடங்களில் இருப்போரும், புகலிடம் கோரியோரும், போதை மீட்பில் உள்ளோரும் மிகுதி. இந்திய அணியில் தகரக் கூரையின் கீழாவது குடும்பத்தோடு வாழ்வோரும் இடம்பெறுகின்றனர். நிலத்தில் உரிமையில்லாமல், எந்நேரமும் அகற்றப்படக்கூடிய வீட்டில் வாழ்வதை வீடின்மை எனக் கொள்வது பொருத்தமானதே.

இப்போட்டியால் அறியப்பட்டவர்களுள் அகிலேசு பால் குறிப்பிடத்தக்கவர். நாக்பூர் குடிசைப் பகுதியில் வளர்ந்த இவர், இளம்வயதில் தவறான வழிகளில் சென்றதைத் தாமே பொது மேடைகளில் எடுத்துரைத்துள்ளார். ஸ்லம் சாக்கரில் சேர்ந்து, 2010 இல் ரியோ டி செனீரோவில் நடந்த போட்டியில் இந்திய அணிக்குத் தலைமை தாங்கினார். பின்னர்ப் பயிற்சியாளரானார்.

திரைப்படம்

நடிகர் ஆமிர் கானின் சத்தியமேவ ஜெயதே தொலைக்காட்சி நிகழ்ச்சியில் 2014 இல் இந்நிறுவனம் இடம்பெற்றது. நாகராஜ் மஞ்சுளே இயக்கிய ஜுண்ட் என்ற இந்தித் திரைப்படம் 2022 மார்ச்சு 4 அன்று வெளியானது. பார்சேயை அடியொற்றி அமைக்கப்பட்ட விஜய் போராடே என்னும் பாத்திரத்தில் அமிதாப் பச்சன் நடித்தார். அகிலேசு பாலின் வாழ்க்கையைப் படமாக்கும் உரிமை யாருக்கு உரியது என்பது குறித்த வழக்கு, படம் வெளிவருவதைத் தாமதப்படுத்திய காரணங்களுள் ஒன்றாகும். ஏழையின் கதைக்குச் சந்தையில் விலை உண்டு என்பதை அவ்வழக்கு வெளிப்படையாகவே காட்டியது. 1956 இல் அம்பேத்கர் பௌத்தம் தழுவிய நகரான நாக்பூரில், அம்பேத்கர் பிறந்தநாள் கொண்டாட்டத்தைத் திரையில் விரிவாகக் காட்டியதற்காகவும் இப்படம் பேசப்பட்டது. கால்பந்துத் தொண்டைப் பற்றிய நூல்கள் வறுமையை மட்டும் பேசிச் சாதியைப் பேசாமல் விடுவது வழக்கம். இப்படம் அவ்வாறு செய்யவில்லை.

ஒத்த முயற்சிகள்

இத்துறையில் முன்னோடியாகக் கருதப்படுவது கென்யாவின் நைரோபியில் 1987 இல் தொடங்கப்பட்ட மத்தாரே இளைஞர் விளையாட்டுச் சங்கம் ஆகும். அங்கு அணிகள் தம் பகுதியின் குப்பைகளை அகற்றினால் போட்டிப் பட்டியலில் அவர்களுக்குப் புள்ளிகள் சேரும். இந்தியாவில் 1999 இல் மத்தேயு இசுபேசி மும்பையில் தொடங்கிய மேசிக் பஸ், சார்க்கண்டில் 2009 முதல் சிறுமியரிடையே செயல்படும் யுவா ஆகியவை பரவலாக அறியப்பட்டவை.

தமிழ்நாட்டில் வடசென்னையின் வியாசர்பாடி நெடுங்காலமாகக் கால்பந்துக்குப் பெயர்பெற்ற பகுதி. அங்குக் குடிசைப் பகுதிச் சிறுவர்களுக்கான விளையாட்டு மற்றும் கல்வி மேம்பாட்டுச் சங்கம் ஒன்று 1990களின் பிற்பகுதியிலிருந்து செயல்பட்டு வருகிறது. பள்ளியை விட்டு நின்ற சிறுவர்களை மீண்டும் பள்ளிக்கு அனுப்பும் கருவியாக அச்சங்கம் பந்தைக் கையாண்டது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள கோவளத்தில், மீனவரான மூர்த்தி மேகவன் 2012 இல் தொடங்கிய அலைச்சறுக்குப் பள்ளியும் இவ்வகையைச் சேர்ந்ததே. படகு, அலை, நீரோட்டம் ஆகியவற்றைச் சிறுவயதிலேயே அறிந்த மீனவப் பிள்ளைகளுக்கு அவ்விளையாட்டில் பிறரைவிட ஒரு தொடக்கம் கிடைத்துவிடுகிறது. மது, புகை ஆகியவற்றைத் தவிர்ப்பது அங்குக் கண்டிப்பான நிபந்தனை.

மதிப்பீடு

விளையாட்டு தன்னளவில் ஒருவரை மாற்றிவிடும் என்ற நம்பிக்கைக்குப் போதிய சான்று இல்லை என்று பிரெட் கோல்ட்டர் என்ற சமூகவியலாளர் 2007 இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். எந்தச் சூழலில், யாரால், எவ்வாறு நடத்தப்படுகிறது என்பதைப் பொறுத்தே பயன் அமையும் என்பது அவர் கருத்து. குடிசைப் பகுதியின் குடிநீர், கழிவுநீர், நில உரிமை ஆகியவற்றைப் பந்து தீர்த்துவிடாது. அறிக்கைகள் வந்தவர்களின் எண்ணிக்கையைக் கூறுகின்றன. மூன்று மாதம் ஆடிவிட்டு வேலைக்குப் போய்விட்டவர்களைப் பெரும்பாலும் கூறுவதில்லை. நன்கொடையாளர் ஒருவர் விலகினால் ஒரு மையமே மூடப்படும் நிலையும் இத்தகைய நிறுவனங்கள் அனைத்திற்கும் பொதுவானது.

எனினும் எதிர்பாராத ஒரு பயனை இங்குக் குறிப்பிட வேண்டும். வெளிநாட்டுப் போட்டிக்குச் செல்லக் கடவுச்சீட்டு வேண்டும். அதற்குப் பிறப்புச் சான்றும் முகவரிச் சான்றும் வேண்டும். நடைபாதையில் பிறந்த பிள்ளைக்கு இவ்விரண்டும் இருப்பதில்லை. அணியில் இடம் கிடைத்த பின்னரே சிலருக்கு அரசின் பதிவேட்டில் பெயர் ஏறுகிறது. பால் சுந்தர் சிங் 1995 இல் வடசென்னையில் தொடங்கிய கருணாலயா தொண்டு நிறுவனத்தின் பிள்ளைகள் இடம்பெற்ற தென்னிந்திய அணி, 2019 இல் இலண்டன் லார்ட்சு மைதானத்தில் இங்கிலாந்து அணியை வென்று தெருவோரச் சிறுவர்களுக்கான மட்டைப்பந்து உலகக்கோப்பையைக் கைப்பற்றியது. ஆணும் பெண்ணும் கலந்து ஆடிய அப்போட்டியை நடத்தும் அமைப்பு, தெருவோரக் குழந்தைகளுக்குச் சட்டப்படியான அடையாளம் வழங்கப்பட வேண்டும் என்பதையே தன் முதன்மைக் கோரிக்கைகளுள் ஒன்றாக வைத்துள்ளது. அதன் அடுத்த போட்டி 2023 இல் சென்னையில் நடைபெற்றது.