சுரபுன்னை என்னும் பெயரும் பிச்சாவரத்துக் கலப்பு மரமும்

சங்கப் பாடல்களிற் பயிலும் செடிகொடிகளை ஆராயப் புகுவார் முதலில் நாடுவன உரைகளும் நிகண்டுகளும் அகராதிகளுமே. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிச் சொல்லும் பூக்களுள் வழை என்பது ஒன்று. அதற்குச் சுரபுன்னை என்று நச்சினார்க்கினியர் பொருள் கூறினார். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி அம்மரத்தை ஓக்ரோகார்ப்பசு லாங்கிபோலியசு எனச் சுட்டும். இக்காலத் தாவர நூலார் அதனை மம்மியா சுரிகா என்பர். மேற்குமலைச் சாரலில் வளரும் அம்மரம் புன்னையின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆகவே பெயரும் பொருந்துகிறது, திணையும் பொருந்துகிறது. இவ்வளவோடு ஆராய்ச்சி முடிந்தது என்றே தோன்றும்.

ஆனால் சிதம்பரத்திற்குக் கிழக்கே பிச்சாவரத்துக் கழியில் படகேறிச் சென்று, ஊன்றுவேர்களை நீருக்குள் வளைத்து இறக்கி நிற்கும் மரத்தைக் காட்டி, இஃது என்ன மரம் என்று துடுப்பு வலிப்பாரை வினவினால், சுரபுன்னை என்றே விடை வரும். இது ரைசோபோரா என்னும் பேரினத்தைச் சேர்ந்தது. வழையோடு இதற்கு உறவில்லை. தடித்துப் பளபளக்கும் இலையைக் கண்டு புன்னையின் பெயரை இதற்கும் ஏற்றினர் போலும். நெய்தற் பாடல்களிற் காணும் கண்டல் இவ்வினமே என்பது பலர் கொள்கை. எனினும் நிகண்டு வழக்கில் கண்டல் என்பது தாழைக்கும் பெயராய் நின்றது. ஒரு பெயர் இரண்டு மரங்களுக்கும், ஒரு மரம் இரண்டு பெயர்களுக்கும் உரியதாகும் இச்சிக்கலைச் சொல்லாராய்ச்சி ஒன்றே கொண்டு அவிழ்த்தல் இயலாது. பெயரிட்டு வழங்கிய பொருள் எது என்பதைக் கண்ணாற் காட்டும் சான்று வேண்டும். அச்சான்றைப் பேணும் இடமே எர்பேரியம் எனப்படும் உலர்தாவரத் தொகுப்பகம்.

கல்வெட்டு ஆராய்வார்க்கு மைப்படி எத்தகையதோ, தாவர நூலார்க்கு உலர்தாவரத் தாள் அத்தகையது. பூவும் காயும் இலையும் உள்ள ஒரு சிறுகிளையைத் தாள்களுக்கு இடையே அழுத்தி உலர்த்தி, ஏறக்குறைய 42 செ.மீ. நீளமும் 28 செ.மீ. அகலமும் உள்ள கெட்டித் தாளில் ஒட்டி, எடுத்த இடம், நாள், எடுத்தவர் பெயர், வரிசையெண் ஆகியவற்றைக் கீழ்மூலையில் ஒரு சீட்டில் எழுதி வைப்பர். கல் உடைந்துபோன பின்னும் மைப்படி பேசுவது போல, மரம் பட்டுப்போன பின்னும் தாள் பேசும். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு: மைப்படி எழுத்தின் நிழலே, தாளில் இருப்பதோ அச்செடியின் உடம்பு. ஒரு நூற்றாண்டுக்குப் பின்னும் அதிலிருந்து சிறு துணுக்கெடுத்து மரபணு ஆய்வு செய்யலாம்.

இம்முறை தமிழ்நாட்டிற்குப் புதிதன்று. சென்னைச் செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் மருத்துவராயிருந்த சாமுவேல் பிரௌன் 1690களில் செடிகளைத் தொகுத்து, உள்ளூர்ப் பெயர்களோடு இலண்டனுக்கு அனுப்பினார். ஜேம்ஸ் பெட்டிவர் அவற்றை விளக்கி எழுதியதை அரச கழகம் 1698 முதல் வெளியிட்டது. தரங்கம்பாடிக்கு 1776இல் வந்த இராட்லரை நம் துறையினர் தமிழ் – ஆங்கில அகராதி செய்தவராகவே அறிவர். அவர் பெருந்தொகையாகச் செடி தொகுத்தவரும் ஆவர் என்பதையும், அத்தாள்கள் இன்று இலண்டனை அடுத்த கியூ தோட்டத்தில் உள்ளன என்பதையும் நம்மிற் பலர் கருதுவதில்லை. சொல் தொகுத்தலும் செடி தொகுத்தலும் ஒருவர் கையிலேயே நிகழ்ந்த காலம் அது. பின்னர் இரண்டும் இருவேறு துறைகளாய்ப் பிரிந்தன; இழப்பு இருபாலார்க்கும் என்றே கூறுவோம்.

இனிப் பிச்சாவரத்திற்கு வருவோம். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே, திட்டுகளும் ஓடைகளுமாய், ஏறக்குறைய 1,100 எக்டேர் பரப்பில் அமைந்தது அக்காடு. 2022இல் இராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப் பெற்றது. அங்கே ரைசோபோராவில் இரண்டு இனங்கள் உண்டு. அபிகுலேட்டா என்பதில் பூக்கள் இரண்டிரண்டாய், குறுகிய தடித்த காம்பில் அமையும். இதழில் மயிர் இராது. மகரந்தத் தாள்கள் பன்னிரண்டை ஒட்டியிருக்கும். மியூக்ரனேட்டா என்பதில் பூங்காம்பு நீண்டு பல பூக்களைத் தாங்கும், இதழின் ஓரத்தில் அடர்ந்த மயிர் உண்டு, மகரந்தத் தாள்கள் எட்டு, இலையும் அகன்றது. இவ்விரண்டிலும் அடங்காது, இரண்டன் இயல்பும் விரவிய சில மரங்கள் ஓடைக்கரைகளில் ஓங்கி நின்றன. படகோட்டுவார்க்கு மூன்றும் சுரபுன்னையே.

அம்மரங்களை ரைசோபோரா லாமார்க்கி என்று கருதினோரும் உண்டு. அப்பெயர் நியூ கலிடோனியாத் தீவிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் விளக்கப்பட்ட ஒரு கலப்பு மரத்திற்கு உரியது. அதன் பெற்றோருள் ஒன்று அபிகுலேட்டா, மற்றொன்று சுடைலோசா. இங்கேதான் தாளின் பயன் விளங்கும். சுடைலோசாவும் மியூக்ரனேட்டாவும் நோக்குவார்க்கு ஒன்றுபோலவே தோன்றும். அவற்றைப் பிரித்துக் காட்டுவது சூலகத் தண்டின் நீளம்: முன்னதில் அது சில மில்லிமீட்டர் நீண்டிருக்கும், பின்னதில் இருப்பதே தெரியாத அளவு குறுகியது. அன்றியும், சுடைலோசா பிச்சாவரத்தில் இல்லை. பல்லாயிரம் கல் தொலைவில் நிற்கும் இரு மரங்களை ஒரு மேசைமேல் அருகருகே வைத்து இத்தகைய நுட்பத்தை அளப்பதற்குத் தாளன்றி வேறு வழி இல்லை. ஏட்டுச் சுவடிகளைப் பாடம் ஒப்புநோக்கும் நம் முறைக்கு இது மிக அணுக்கமானது.

பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல்வாழ் உயிரியல் உயராய்வு மையத்தைச் சேர்ந்த க. கதிரேசன் 1995இல் இம்மரத்தைப் புதியதென அறிவித்து, ரைசோபோரா அண்ணாமலையானா என்று பல்கலைக்கழகத்தின் பெயரையே இட்டார். 1999இல் அது கலப்பினம் என்பதைக் காட்டும் பெருக்கற்குறியோடு மீண்டும் வெளியிட்டார். 1990களில் நிகழ்ந்த மரபணு ஆய்வும் அபிகுலேட்டா, மியூக்ரனேட்டா ஆகிய இரண்டன் கலப்பு என்பதையே காட்டிற்று. மலேசியா, சிங்கப்பூர்க் கரைகளிலும் இக்கலப்பு உண்டு என்பது பின்னர்த் தெரியவந்தது. அங்கும் அது சிதம்பரத்துப் பல்கலைக்கழகத்தின் பெயராலேயே வழங்குகிறது. பெயரிட்டவர் எடுத்துக்காட்டிய மாதிரியோடு பெயரைப் பிணைப்பது தாவர நூல் மரபு. எத்துணைத் தொலைவிற் கண்டாலும் அம்மாதிரியோடு ஒப்பிட்டே பெயர் சூட்டல் வேண்டும்.

இம்மரத்தின் அருமைக்குக் காரணம் அதன் பிறப்பிலேயே உள்ளது. ரைசோபோராவில் விதை மரத்திலிருக்கும்போதே முளைத்து, நீண்ட காய்போல் தொங்கிப் பின் சேற்றில் வீழ்ந்து வேரூன்றும். கலப்பு மரத்திலோ மகரந்தம் பெரும்பாலும் வளமற்றது. பூ மலிந்தாலும் முளை தொங்குவது அரிது. ஆகவே ஒரு மரம் வீழ்ந்தால் அதன் வழியில் மற்றொன்று எழும் என்று நம்புவதற்கில்லை. பெற்றோர் இரண்டும் மீண்டும் கலந்தாலன்றி வாராது.

இத்தகைய மரத்திலிருந்து மாதிரி எடுப்பதில் கருத்து வேண்டும். இருபது செடி கண்டால் ஒன்றிலிருந்து எடு என்று தொகுப்பார் கூறும் வரம்பு இங்குச் செல்லாது. ஒரு சிறுகிளையே போதும். காப்புக்காடு ஆதலின் வனத்துறையின் இசைவும் வேண்டும். தடித்த இலை மெல்ல உலரும். நாள்தோறும் தாள் மாற்றாவிடின் கறுத்துக் காம்பிலிருந்து கழன்றுவிடும். பூவைத் தனியே சாராயத்தில் இட்டு வைத்தல் நன்று; ஏனெனில் அழுத்திய பூவில் இதழின் மயிரையும் சூலகத் தண்டையும் காண்பது எளிதன்று. ஊன்றுவேர் தாளில் அடங்காது. அதன் உயரத்தைச் சீட்டில் எழுதுவதே வழி.

அச்சீட்டில் உள்ளூர்ப் பெயர் என்று ஓர் இடம் ஒதுக்கியிருப்பர். பெரும்பாலும் அது வெறுமையாகக் கிடக்கும். அன்றேல் உரோமன் எழுத்தில், றகரமோ ரகரமோ என்று துணிய முடியாதபடி இருக்கும். இவ்விடத்தை நிரப்பத் தக்கவர் நம் துறை மாணவரே. கழியில் மீன்பிடிக்கும் இருளரும் படகோட்டுவாரும் சொல்வதைச் சொன்ன ஒலியிலேயே தமிழெழுத்தில் எழுதி, சொன்னவர் எவ்வூரினர், எத்தொழிலினர் என்பதையும் குறித்து, தாளின் வரிசையெண்ணைத் தம் ஏட்டிலும் எழுதிக்கொள்ளல் வேண்டும். சுரபுன்னை என்று எழுதிய சீட்டு ஒன்று ரைசோபோராவின் மேலும், மற்றொன்று மம்மியாவின் மேலும் இருக்குமாயின், வழை பற்றிய விவாதம் அகராதியிலிருந்து நிலத்திற்கு வந்துவிடும்.

கடற்கரை மட்டுமன்று, இம்மாவட்டத்தின் மேற்கே மங்கலம்பேட்டை முதலிய ஊர்களின் பக்கத்து நிலமும் இப்பணிக்கு உரியதே. முந்திரித் தோப்புகள் பரந்த பின் காடு என்று சொல்லத்தக்கது பெரும்பாலும் ஐயனார் கோயில்களைச் சுற்றியே எஞ்சியுள்ளது. திருமாணிக்குழி, குழந்தைகுப்பம் ஆகிய ஊர்களின் கோயிற்காடுகளைத் தாவர நூலார் முன்னரே ஆராய்ந்துள்ளனர். புதுச்சேரியில் 1955இல் தொடங்கிய பிரெஞ்சு நிறுவனத்தின் தொகுப்பகமும், திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியின் இராபினாட் தொகுப்பகமும், கோயம்புத்தூரில் உள்ள சென்னைத் தொகுப்பகமும் ஒரு நாட் பயணத் தொலைவிலேயே உள்ளன.